தலையில் இல்லாத தழும்பு

இதில் எதை நான் சரியாக நினைவில் வைத்திருக்கிறேன் என்று எனக்கே நிச்சயமில்லை. எண்பத்தைந்தாம் வருஷம் என்றுதான் நினைக்கிறேன். சிவக்கொழுந்து அம்மாள் முதல் தடவை தாலுக்கா ஆபீஸ் வாசலுக்கு வந்த அன்று தூறல் விழுந்ததாக என் மனத்தில் இருக்கிறது; நல்ல வெயில் என்றார் மஸ்தான் பாய். பக்கத்து மேஜையில் பத்திரம் நகல் எடுத்துக்கொண்டிருந்த நான் என் காதால் கேட்டதும், பிற்பாடு மஸ்தான் என்னிடம் சொன்னதும் இத்தனை வருஷத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டன. நானே சேர்த்துக்கொண்டதும் கொஞ்சம் இருக்கக்கூடும். கூடாதென்றுதான் பார்க்கிறேன்.

மஸ்தான் மனு எழுதுபவர். திருவண்ணாமலை தாலுக்கா ஆபீஸ் சுவருக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு மடக்கு மேஜை, ஒரு டைப்ரைட்டர், கார்பன் தாள் வைத்த தகரப்பெட்டி. அவ்வளவுதான் அவர் கடை. அந்த வரிசையில் ஆறு பேர் எழுதினார்கள். ஆனாலும் மற்ற ஐந்து பேரையும் தாண்டிக்கொண்டு ஜனங்கள் அவரிடம் வந்தார்கள். காரணம், அவர் கூட்டி எழுதுவார். கன்னத்தில் அறை வாங்கியவனுக்குக் கழுத்தில் கத்தி வைத்ததாக எழுதுவார். அடித்தவன் ஒருத்தன் என்றால் மூன்று பேர், பார்த்தவன் யாருமில்லை என்றால் இரண்டு சாட்சி.

"இன்னா பாய், அவன் கையாலதான அடிச்சான். நீங்க கடப்பாரைன்னு போட்டுக்கிறீங்க?"

"கடப்பாரைன்னு போட்டாத்தான் ஸ்டேஷன்ல அத்த கையின்னு படிப்பாங்க. கையின்னு போட்டா படிக்கவே மாட்டாங்க. போ, போய்க் குடுத்துட்டு வா."

எழுதியவருக்கும் தெரியும், வாங்கிப் படிக்கிறவருக்கும் தெரியும். படிக்கிறவர் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் படிப்பார். தள்ளுவதற்கென்றே பாதியைச் சேர்க்க வேண்டும். அந்த வட்டாரத்தில் மனு என்பது அப்படித்தான் நடந்தது. யாரும் அதைப் பொய் என்று சொல்லவில்லை.

மஸ்தான் எப்போதும் அப்படி எழுதியவரில்லை. எண்பதாம் வருஷம் அடி அண்ணாமலையிலிருந்து மண்ணாங்கட்டி என்ற விவசாயி ஓடிவந்தார். அவருடைய மகன் சடையனை, பத்தொன்பது வயசுப் பையன், கிணற்று மோட்டார் திருடியதாகச் சொல்லி ஸ்டேஷனுக்கு இழுத்துப் போயிருந்தார்கள். எந்த ஸ்டேஷன் என்பது இப்போது வேண்டாம். மண்ணாங்கட்டி சொன்னதை மஸ்தான் அப்படியே எழுதினார்: என் மகனைப் போலீசார் அடித்தார்கள், விடுவிக்க வேண்டும். போலீஸ் மேலதிகாரி அதை நின்றபடியே படித்தார்.

"அடிச்சாங்கன்னுதான எழுதிக்கிற? திருட்டுப் பையன அடிக்காம மாலை போட்டு உக்கார வெப்பாங்களா?"

மூன்றாம் நாள் உடலைக் கொடுத்தார்கள். பிணவறைக்கு மண்ணாங்கட்டியோடு மஸ்தானும் போனார். பையனின் உள்ளங்கால் இரண்டும் வெடித்துப் பிளந்திருந்தன. வலது கையில் நகம் ஒன்றுகூட இல்லை. நெஞ்சில் பூட்ஸ் குதிகாலின் அரைவட்டம் ஏழு இடத்தில் கருநீலமாகப் பதிந்திருந்தது. வாயைத் திறந்து பார்த்தபோது நாக்கு பாதி கடிபட்டுத் தொங்கியது. மண்ணாங்கட்டி அழவில்லை. வெகுநேரம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினார்.

"பாய், நம்ம இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா எழுதியிருக்கலாமோ?"

அதற்குப் பிறகு மஸ்தான் ஒரு மனுவைக்கூடக் கம்மியாக எழுதவில்லை.

சிவக்கொழுந்து அம்மாள் அகதி முகாமிலிருந்து வந்தார். மன்னார்க் கரையிலிருந்து படகில் ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம், பிறகு அரசாங்க பஸ்ஸில் இங்கே. முகாமில் தகரம் போட்ட நீளக் கொட்டகையில் பத்தடிக்குப் பத்தடி இடம், நடுவில் சேலையைத் திரையாகக் கட்டிக்கொண்டு இருந்தார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். வெள்ளைச் சேலை, கையில் ஒரு ஏர்மெயில் கடிதம்.

கடிதம் அவருடைய மூத்த மகன் யோகநாதன் மேற்கு ஜெர்மனியிலிருந்து எழுதியது. அங்கே போய் அடைக்கலம் கேட்டிருந்தான். ஒரு விசாரணை முடிந்திருந்தது. ஊரில் நடந்ததைப் பற்றி நேரில் தெரிந்தவர் ஒருவரின் பிரமாணப் பத்திரம் வேண்டும் என்று அங்கே அவனுக்காக வாதாடும் வக்கீல் கேட்டிருக்கிறார். தாயைவிட்டால் வேறு யாரும் மிஞ்சவில்லை. பத்திரம் சரியாக இருந்தால் அங்கேயே இருக்கலாம். இல்லாவிட்டால் விமானத்தில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பிவிடுவார்கள். அவன் வயசுப் பையன்கள் விமான நிலையத்திலிருந்து வீடு வந்து சேருவதில்லை. கடைசி வரி இப்படி இருந்தது: அம்மா, நடந்ததை நடந்தபடி மட்டும் எழுதுவிக்கவும்.

"சொல்லுங்கம்மா," என்றார் மஸ்தான்.

அம்மாள் தரையில் கிடந்த வேப்பம்பழத்தைப் பார்த்தார். மஸ்தான் அவசரப்படுத்தவில்லை. அந்த மேஜை முன்னால் வந்து உட்காருகிறவர்கள் முதலில் வேப்பம்பழத்தைப் பார்ப்பார்கள், அப்புறம் தங்கள் காலைப் பார்ப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

"எங்கட ஊர் பனிச்சையடி. சின்ன ஊர் தம்பி. மார்கழி மாசம், விடியக்காலமை ஆமிக்காரற்ற ரெண்டு ஜீப்பும் ஒரு லொறியும் வந்தது. ஆம்பிளையள் எல்லாரையும் சங்கக்கடை வாசலுக்கு வரச் சொன்னாங்கள். அடையாள அட்டை பாக்கப் போறம் எண்டு. என்ட மனுசனும், நடுவில் மகன் சந்திரனும், கடைசி மகன் ரவியும் போனவை. நான் கடைக்குப் பின்னால விறகுக் கொட்டிலுக்க இருந்தனான். வெளியால வரப் பயம்."

"எத்தினி பேரு?"

"எங்கட ஆக்கள் பதினொரு பேர். முழங்காலில இருத்தினாங்கள். அது எனக்குப் பேந்து தெரிஞ்சது. அப்ப நான் காணேல்ல. கேட்டனான். மனுசன் 'மாத்தயா, மாத்தயா' எண்டு, சிங்களத்தில ஐயா எண்டு, கும்பிட்டுக் கேக்கிற சத்தம். பேந்து வெடி. எல்லாரையும் ஒரேயடியாச் சுடேல்ல தம்பி. ஒண்டு. கொஞ்ச நேரம். பேந்து ஒண்டு. நான் எண்ணினனான். ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவில ரவி 'அம்மா' எண்டு கூப்பிட்டவன். ஒருக்காத்தான் கூப்பிட்டவன்."

மஸ்தானின் பேனா தாளில் நின்றது. தாலுக்கா ஆபீஸுக்குள் யாரோ பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான் போகேல்ல. சீலைத் தலைப்ப வாய்க்குள்ள அடைஞ்சு கொண்டு இருந்தனான்."

மீதியை அவர் வேகமாகச் சொன்னார். பெட்ரோல் ஊற்றியிருக்கிறார்கள். வண்டிகள் போன பிறகு வெளியே வந்தால் உடல்கள் எரிந்துகொண்டிருந்தன. ஒருவன் தோளைப் பிடித்துப் புரட்டினார். தோல் கையோடு வந்தது. உள்ளங்கையைச் சேலையில் துடைத்துவிட்டு அடுத்தவனைப் புரட்டினார். கணவரை இடுப்பு பெல்ட்டின் பித்தளையை வைத்து அறிந்தார். சந்திரன் கவிழ்ந்து கிடந்ததால் நெற்றி மட்டும் மிச்சம் இருந்தது. ரவிக்கு முகம் இல்லை. முன்பல் ஒன்று சின்ன வயசில் உடைந்தது. அந்தப் பல்லைப் பார்த்துத்தான் அவன் என்று தெரிந்தது.

"யோகநாதன்?"

"அவன் முதல் நாள் மன்னாருக்கு டிராக்டர் சாமான் வாங்கப் போனவன். அடுத்த நாள் காலமதான் வந்தவன். அவன்தான் கிடங்கு வெட்டித் தாட்டவன். அவன் அங்க இல்ல. அத அவன் விசாரணையிலயும் சொல்லிப்போட்டான்." பிறகு எழுந்துகொண்டே ஒரு தரம் சொன்னார்: "நான் கண்ணால காணேல்ல எண்டதையும் எழுதுங்கோ தம்பி."

அன்று வீட்டில் மஸ்தான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தார். அவருடைய மனைவி குர்ஷித் பேகம் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே கேட்டாள், "யாருக்கு இவ்ளோ அவசரம்?"

"ஒரு அம்மாவுக்கு. ஒரே ஒரு பையன் பாக்கி."

முதலில் அம்மாள் சொன்னபடியே எழுதினார். எழுதி முடித்துப் படித்தபோது சடையனின் கை நினைவுக்கு வந்தது. காணவில்லை, கேட்டேன். எந்த அதிகாரி இதை உட்கார்ந்து படிப்பான்? மறைந்திருந்து கேட்டது சாட்சியமே இல்லை என்று கோர்ட்டில் எத்தனை தடவை சொல்லக் கேட்டிருக்கிறார். பையனோ அன்று ஊரிலேயே இல்லை. ஊரில் இல்லாதவனுக்கு என்ன ஆபத்து என்று கேட்க மாட்டானா? வெள்ளைக்காரன் நாட்டிலும் ஒருவன் நின்றபடியேதான் இதைப் படிக்கப் போகிறான், பாதியைத் தள்ளப் போகிறான். தள்ளுவதற்கு இதில் ஒன்றுமே இல்லையே என்று அவருக்குப் பயமாக இருந்தது.

காணவில்லை என்ற வரிகளை எடுத்துவிட்டு, அம்மாள் சொல்வதாக இரண்டு பத்தி சேர்த்தார்: இருபதடி தூரத்தில் பனையோலை வேலிக்குப் பின்னாலிருந்து நான் என் இரு கண்களாலும் கண்டேன். என் மூத்த மகன் யோகநாதனையும் வரிசையில் முழங்காலிட வைத்தார்கள். துப்பாக்கிக் கட்டையால் அவன் தலையின் வலப்பக்கத்தைப் பிளந்தார்கள். செத்துவிட்டான் என்று விட்டுப் போனார்கள்.

நல்ல மனசோடுதான் எழுதினார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மறுநாள் அம்மாளுக்குத் தமிழ் நகலைப் படித்துக் காட்டினார். அந்த இரண்டு பத்தியும் வரும் இடங்களில் கண்ணை மட்டும் ஓட்டி, எடுத்துவிட்ட பழைய வரிகளை நினைவிலிருந்து சொன்னார். அம்மாள் தலையசைத்துக்கொண்டே கேட்டார். நோட்டரி வக்கீல் அருணகிரி ஆங்கிலத்தில் மாற்றிக்கொடுத்தார். அம்மாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்; அருணகிரி படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பாய், நம்மூரு வரப்புத் தகராறுல கூட நீ இவ்ளோ ரத்தம் ஊத்தினதில்ல. இந்தம்மா நெஜமாவே பாத்தாங்களா?"

"பாத்தாங்க சார்."

"புள்ளைக்கும் மண்டை ஒடைஞ்சுதா?"

"ஒடைஞ்சுது சார்."

"அப்புறம் எனக்கின்னா. அவங்கள உள்ள கூப்பிடு." அம்மாள் வந்ததும், "கையெழுத்துப் போடுங்கம்மா," என்றார்.

அம்மாள் தனக்குத் தெரியாத ஆங்கிலத்தின் கீழே தெளிவான தமிழில் கையெழுத்துப் போட்டார். மஸ்தான் பணம் வாங்க மறுத்துவிட்டார். அம்மாள் அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஏழெட்டு மாதம் கழித்து, தீபத்துக்கு வந்த கூட்டம் வடிந்து தெருவெல்லாம் குப்பையாகக் கிடந்த ஒரு காலையில் அவர் மறுபடியும் வந்தார். மஸ்தான் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அம்மாள் உட்காரவில்லை. ஏர்மெயில் கடிதத்தை மேஜையில் வைத்தார்.

"நீங்கள்தானே வாசிச்சுக் காட்டுறனீங்கள். வாசியுங்கோ."

"இன்னாம்மா எழுதியிருக்காரு?"

"ஒண்டையும் விடாம வாசியுங்கோ."

மஸ்தான் படித்தார். பக்கத்து மேஜைக்கெல்லாம் கேட்டது.

"அம்மா, நான் சொன்னதையும் நீங்கள் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். அடுத்த நாள் காலைதான் ஊருக்கு வந்தேன் என்று நான் சொல்லியிருந்தேன். என்னையும் முழங்காலிட வைத்துத் தலையைப் பிளந்ததாகவும், அதை வேலிக்குப் பின்னாலிருந்து கண்ணால் கண்டதாகவும் நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். என்னைக் குனியச் சொன்னார்கள். ஒரு டாக்டர் கையுறை போட்டுக்கொண்டு என் தலைமயிரை விரலால் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். தழும்பு இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். அப்படியென்றால் அப்பா செத்ததும் பொய், தம்பிமார் செத்ததும் பொய், பனிச்சையடி என்ற ஊரே பொய் என்று முடித்துவிட்டார்கள். அப்பீலுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். அம்மா, நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள்?"

மஸ்தான் கடிதத்தை மடித்தார். மடிப்பு சரியாக வரவில்லை. பிரித்து மறுபடியும் மடித்தார்.

"இங்க அப்படித்தாம்மா எழுதுவோம். ஜாஸ்தியா எழுதுனாத்தான் கொஞ்சமாவது நம்புவாங்க. ஒரு தடவ கம்மியா எழுதிட்டேன், ஒரு பையன அடிச்சே கொன்னுட்டாங்க. அந்தப் பயத்துலதான்…"

"என்ட ரெண்டு பிள்ளையளும் மனுசனும் எரிஞ்சது உங்களுக்குக் காணாதோ?" அம்மாளின் குரல் உயரவில்லை. "மிச்சம் இருந்தவன்ட மண்டையையும் உடைச்சுத்தான் நம்பவைக்கோணுமோ?"

மஸ்தான் கடிதத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நான் ஒளிச்சிருந்தனான். என்ட பிள்ளை கூப்பிடக் கேட்டுக்கொண்டு ஒளிச்சிருந்தனான். அத உங்களிட்டதான் முதல்முதல் சொன்னனான். நீங்கள் அத எடுத்துப்போட்டு, நான் வேலிக்கால பாத்துக்கொண்டு நிண்டதெண்டு எழுதியிருக்கிறியள்."

பக்கத்து மேஜைக்காரர்கள் தங்கள் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் அப்படித்தான்.

அன்றே மஸ்தான் அருணகிரியிடம் போனார். நான் கற்பனையாக எழுதினேன், அந்த அம்மாள் அப்படிச் சொல்லவில்லை என்று நானே ஒரு பிரமாணம் எழுதித் தருகிறேன், நீங்கள் சான்று போடுங்கள் என்றார். அருணகிரி எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்.

"உனுக்குப் பைத்தியமா பாய்? பொய்ப் பிரமாணம் எழுதுனேன்னு நீயே சத்தியம் பண்ணுவியா? உனுக்கு ஜெயிலு. எனக்கு நோட்டரி போயிடும். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குதுய்யா."

"அவங்களுக்கு ஒரு பையன்தான் சார் இருக்கான்."

"அத்த அன்னிக்கு யோசிச்சிருக்கணும். கெளம்பு."

மஸ்தான் பஸ் ஏறி விழுப்புரம் போனார். முகம் தெரியாத ஒரு நோட்டரி முன்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். அவர் வாழ்க்கையில் எழுதியதிலேயே சின்னத் தாள் அதுதான். பாதிப் பக்கம் கூட இல்லை: அந்த அம்மாள் கண்ணால் காணவில்லை, காதால் கேட்டதாகச் சொன்னார். அவருடைய மகன் அன்று ஊரில் இல்லை. அவன் தலையில் காயம் எதுவும் ஏற்படவில்லை; அது நான் சேர்த்தது. பதிவுத் தபாலில் ஜெர்மனி வக்கீலின் விலாசத்துக்கு அனுப்பிவிட்டு முகாமுக்கு நடந்து போய் அம்மாளிடம் ரசீதைக் கொடுத்தார். அம்மாள் யோகநாதனுக்கும் ஒரு கடிதம் எழுதிப் போட்டார். அதில் ஒரே ஒரு விஷயம்தான்: நான் சொல்லாததை எழுதிவிட்டார்கள், திருத்தி அனுப்பியிருக்கிறோம், பொறுத்திரு.

இரண்டு தபாலும் போய்ச் சேர எத்தனை நாள் ஆயின என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதற்கு முன்பே அங்கே வேறொன்று நடந்துவிட்டது. அதை எழுதியவன் யோகநாதனோடு ஒரே விடுதியில் தங்கியிருந்த குலேந்திரன் என்ற பையன். அந்தக் கடிதத்தை அம்மாளே கொட்டகையில் படித்தார். மஸ்தான் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

அப்பீலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது யோகநாதன் பகலில் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டிருக்கிறான். சுவரோரம் குளிருக்கு அறையைச் சூடாக்கும் இரும்புக் குழாய் ஒன்று இருக்கிறது. அதில் தலையை மோதியிருக்கிறான். முதல் தடவை விழவில்லை. இரண்டாம் தடவையும் விழவில்லை. சத்தம் கேட்டுக் கதவைத் தட்டியவர்களிடம் "ஒண்டுமில்ல, இப்ப வாறன்" என்று பதில் சொல்லிவிட்டு மறுபடியும் மோதியிருக்கிறான். கதவை உடைத்தபோது குழாயெல்லாம் ரத்தமும் மயிரும். மண்டையோடு உள்ளே இறங்கியிருந்தது. காதிலிருந்து ரத்தம் தரையில் ஓடிக் குளியல் நீரோடு கலந்து வாசல்வரை வந்திருந்தது.

"ஆஸ்பத்திரியில நினைவு வந்த பிறகு, ஏனடா இப்படிச் செய்தனி எண்டு கேட்டனான்," என்று எழுதியிருந்தான் குலேந்திரன். "அம்மா பொய்க்காரியாகக் கூடாது எண்டு சொன்னவன். வலப்பக்கம் எண்டு பத்திரத்தில இருக்கு, அதனால வலப்பக்கத்தையே மோதினனான் எண்டும் சொன்னவன்."

அம்மாள் கடிதத்தைப் படித்து முடித்துவிட்டு அதை மஸ்தானிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. அம்மாள் நீட்டிய கையை மடக்கவும் இல்லை. திரைச்சேலைக்கு அப்பால் ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. கடைசியில் மஸ்தான் எழுந்து வெளியே போய், கொட்டகைச் சுவரில் தன் தலையை ஒரு தடவை மோதினார். தகரம் அதிர்ந்த சத்தத்துக்கு ஆட்கள் ஓடிவந்தார்கள். அம்மாள் உள்ளிருந்தே சொன்னார்:

"அவரப் பிடியுங்கோ. இன்னும் ஒருத்தன்ட ரத்தம் எனக்கு வேண்டாம்."

அப்பீல் விசாரணையில் இரண்டு தாளும் ஒரே கோப்பில் இருந்தன. காயம் புதியது, தானே உண்டாக்கிக்கொண்டது என்று டாக்டர் எழுதிய தாள் ஒன்று. காயமே கிடையாது என்று மஸ்தான் எழுதிய தாள் ஒன்று. இரண்டாவது தாள் உண்மை என்றால் முதல் பிரமாணம் பொய். பொய்ப் பிரமாணம் கொடுத்த குடும்பத்தின் மற்ற சொல்லை எதைக் கொண்டு நம்புவது என்று கேட்டு மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

யோகநாதன் பதினோரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தான். வலது காது கேட்காமல் போயிற்று. இடது கை நடுங்கியது. அந்த நிலையில் அவனை விமானத்தில் ஏற்றவில்லை. பிறகு, அங்கே தங்கிக்கொள்ள, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கும் சீட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் அகதி என்ற சொல் இல்லை. ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவினான். சிவக்கொழுந்து அம்மாள் எண்பத்தெட்டில் கப்பலில் திரும்பிப் போனவர்களோடு போனார். பனிச்சையடியில் வீடு இல்லாததால் மன்னாரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கி, அடுத்த வருஷம் காய்ச்சலில் இறந்தார். மகனை அவர் மறுபடியும் பார்க்கவில்லை. மஸ்தான் மேல் பொய்ப் பிரமாண வழக்கு வந்தது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று மாதம் வேலூர் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு எதுவும் எழுதவில்லை. குர்ஷித் பேகத்தோடு உட்கார்ந்து பீடி சுற்றினார். அருணகிரியின் நோட்டரி உரிமை போகவில்லை. மண்ணாங்கட்டி நிலத்தை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். சடையனை அடித்தவர்கள் வேலையில் இருந்து ஓய்வு பெற்றார்கள். பனிச்சையடியில் பதினொரு பேரைச் சுட்டவர்கள் யார் என்று யாரும் விசாரிக்கவில்லை.